மடிக்கிறவர்கள் படிக்கமாட்டார்கள்

எங்கள் முதலாளி கதை எழுதுவார். எழுதிவிட்டுப் போகட்டும், யார் வேண்டாம் என்றது? சொந்த அச்சகம், சொந்த பைண்டிங் பட்டறை. ஆசைக்கு வருஷம் ஒரு புத்தகம் போட்டுக்கொள்கிறார். அவர் கதையை அவரே அச்சடித்து, அவர் கூப்பிட்ட ஆட்களைக் கைதட்ட வைத்து வெளியிட்டுக்கொள்வதில் எனக்கு எந்த வயிற்றெரிச்சலும் இல்லை. என் தங்கையின் கையை எடுத்துக் கதை பண்ணினாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அச்சகத்திலிருந்து பெரிய பெரிய தாள்களாக வரும். ஒரு தாளில் பதினாறு பக்கம். அதற்கு ஃபாரம் என்று பெயர். விரித்துப் பார்த்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறாம் பக்கம் இருக்கும், பாதிப் பக்கங்கள் தலைகீழாக நிற்கும். மடித்தால்தான் வரிசைக்கு வரும். மடிக்கிறவர்கள் நாங்கள் நாலு பேர். நான், என் தங்கை, எங்களில் மூத்தவளான பெரியக்கா, அப்புறம் முந்திரிக்கொட்டை. அவளுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்கவே வேண்டாம். தும்மல் வருவதற்கு முன்பே மூக்கைத் துடைத்துக்கொள்கிற ஜாதி அவள்.

ஃபாரம் எங்கே முடிகிறதோ அங்கே கதையும் நின்றுவிடும். பாதி வாக்கியத்தில்கூட நிற்கும். அடுத்த ஃபாரம் அச்சாகி, மை காய்ந்து, மறுநாள்தான் எங்கள் மேஜைக்கு வரும். அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்க எங்களால் ஆகுமா? ஒருத்தி உரக்கப் படிப்பாள், மற்றவர்கள் மடிப்போம். கதை நின்ற இடத்தில் இனிமேல் என்ன ஆகும் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவள் மறுநாள் எல்லாருடைய டீ டம்ளரையும் கழுவ வேண்டும். இது எங்கள் பட்டறைச் சட்டம்.

நான் பெரும்பாலும் தோற்கமாட்டேன். என் வழி சுலபமான வழி. கதையில் யார் அதிகம் பேசாமல் இருக்கிறாளோ அவள் தலையில்தான் எல்லாம் வந்து விடியும். எதிர்த்துப் பேசாதவர்களைச் சாகடிப்பது எழுதுகிறவர்களுக்கு ரொம்ப வசதி. என் தங்கை நேர் எதிர். "வந்துடுவான்", "பொழச்சுக்குவா", "மன்னிச்சுடுவாரு" என்று நல்லதாகவே சொல்வாள். மாதத்தில் பாதி நாள் டம்ளர் கழுவியது அவள்தான்.

"இத்தனை கதை படிச்சும் உனக்குப் புத்தி வரலையேடி" என்று திட்டுவேன்.

"ஒரு தடவையாவது நல்லது நடக்காதாக்கா?" என்பாள், ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு.

நாங்கள் படிக்கிறோம் என்பது முதலாளிக்குத் தெரியாது. ஒருமுறை அவருடைய எழுத்தாள நண்பர் ஒருவர் பட்டறையைச் சுற்றிப் பார்க்க வந்தார். புத்தகம் வெளியே வருவதற்கு முன்பே கதை கசிந்துவிடாதா என்று கேட்டார். முதலாளி எங்களைக் காட்டி, "மடிக்கறவங்க படிக்கமாட்டாங்க சார். அவங்களுக்குத் தாள்னா தாள்தான்" என்றார். நாங்கள் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தோம். முந்திரிக்கொட்டைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு அப்போதே சுருக்கென்றது.

இனி விரல் கதைக்கு வருகிறேன். பட்டறையில் ஒரு கட்டிங் மெஷின் இருக்கிறது. தைத்து முடித்த புத்தகக் கட்டை உள்ளே வைத்தால் பெரிய கத்தி இறங்கி ஓரத்தை வெட்டும். கத்தி இறங்க வேண்டுமானால் இரண்டு பொத்தானை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்படிச் செய்து வைத்தவன் மடையன் இல்லை. இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் கத்திக்கு அடியில் நீட்ட மூன்றாவது கை யாருக்கும் கிடையாது. ஆனால் முதலாளிக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது. ஒரு பொத்தானை அமுக்கி, அதன்மேல் டேப் சுற்றச் சொன்னார்.

"ஒரு கையால அழுத்து, இன்னொரு கையால கட்டைத் தள்ளு. வேலை பறக்கும் பாரு" என்றார்.

கட்டிங் மாஸ்டர் முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே டேப்பைச் சுற்றினார். அவர் லீவு போட்ட ஒரு நாளில் முதலாளி என் தங்கையைக் கூப்பிட்டு மெஷின் முன்னால் நிறுத்தினார். அவள் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள். இடது கையால் அழுத்தி, வலது கையால் தள்ளினாள். வேலை பறந்தது. அவள் வலது கையில் இரண்டு விரலும் கூடவே போனது.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்ததை நானே பார்த்தேன். "நீ எதுக்கும் கவலைப்படாதம்மா. கை ஆறட்டும். என் புத்தக வெளியீடு முடிஞ்சதும் திங்கட்கிழமை வா. உனக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைத் தங்கை கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வேலைக்குக் கிளம்பினால் அவள் நாலு சுவரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். "மடிக்க முடியலைன்னா என்னக்கா, ஃபாரத்தை வரிசையா அடுக்கிக் குடுப்பேன், அதுக்கு இடது கை போதும். அவரு கண்டிப்பா இடம் குடுப்பாரு. இல்லேன்னா எதுக்கு வரச் சொல்றாரு?" என்று காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சொல்வாள்.

முதலாளியின் புத்தகம் மேஜைக்கு வந்தது. முன்னால் இருந்த கதைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் ஒரு பெண் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கதை, கடைசிக்கு முந்தைய ஃபாரத்தில் ஆரம்பித்தது. அன்று படிக்கிற முறை என்னுடையது. ஒரு பைண்டிங் பட்டறை. அங்கே ஒரு ஏழைப் பெண். ஒரு கட்டிங் மெஷின்.

பெரியக்கா மடிப்பதை நிறுத்தினாள். "மேல படி" என்றாள்.

படித்தேன். அந்தப் பெண்ணின் மனம் காதலனின் நினைவில் மிதந்துகொண்டிருந்ததாம். அவன் கொடுத்த வளையலைப் பார்த்துச் சிரித்தபடி கையை நீட்டினாளாம். 'இயந்திரம் என்ன செய்யும், பாவம்!' என்று ஒரு வரி. மெஷினுக்குப் பாவம் பார்த்த மகராசன்! டேப்பைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. எந்தக் காதலன்? என் தங்கை கையில் வளையலே கிடையாது, தாளில் உரசும் என்று கழற்றி வைத்துவிடுவாள். எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். பெரியக்காதான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "முழுசும் படி" என்றாள்.

ஃபாரம் ஆஸ்பத்திரியில் முடிந்தது. கதையில் வரும் முதலாளி ஸ்டூலில் உட்காருகிறார். கலங்கிய கண்களோடு அவளைப் பார்த்து, 'அம்மா, இனி உன்னை' என்கிறார். அவ்வளவுதான். தாள் தீர்ந்துவிட்டது.

இனி என்ன ஆகும் என்பது அன்றைக்கு எங்களுக்கு விளையாட்டாக இல்லை. திங்கட்கிழமை அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது அடுத்த ஃபாரத்தில் இருக்கிறது. அவர் தன்னைத்தான் எழுதியிருக்கிறார்.

முந்திரிக்கொட்டைதான் முதலில் சொன்னாள். "அவரே அவளுக்குக் கல்யாணம் பண்ணி வெப்பாரு. இந்த மாதிரி ஆளுங்க கதையில அப்படித்தான் வரும்."

"வீட்டுக்கு அனுப்பிடுவாரு" என்றாள் பெரியக்கா.

"பழி அவ மேல விழும்" என்றேன் நான்.

மை சிந்தி வீணான தாள்களை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அப்படி ஒன்றைப் பையில் வைத்திருந்தேன். தங்கைக்குக் காட்ட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அவள் காய்கறியை எடுக்கப் பையைத் துழாவியபோது கையில் மாட்டிவிட்டது. தரையில் பரப்பி, இடது கையாலும் முழங்கையாலும் மடித்தாள். மடிப்பு கோணலாக வந்தது. மறுபடி பிரித்து நேராக மடித்துவிட்டுத்தான் படிக்கவே ஆரம்பித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னைப் பத்தி எழுதியிருக்காருக்கா" என்றாள். அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எழுதி? உனக்குக் காதலன் எங்கேடி இருந்தான்? எந்த வளையலைப் பாத்துச் சிரிச்சே? அந்த டேப் எங்கே போச்சு?"

"கதைன்னா கொஞ்சம் சேத்துத்தான் எழுதுவாங்க. ஆனா பாரு, கண்ணு கலங்கினதை மறக்காம எழுதியிருக்காரு. அப்போ மனசுல இருக்குதானே?" நின்றுபோன வரியில் விரலை வைத்தாள். "'அம்மா, இனி உன்னை'... இதுக்கு அடுத்தது 'நான் கைவிட மாட்டேன்'. வேற என்ன வரும் அந்த இடத்துல? நீயே சொல்லு."

"உன் மரமண்டையில எதுவும் ஏறாது" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தேன். எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. விரலை வெட்டியவன்மேல் வராத கோபம் இவளுக்கு எதற்குத்தான் வரும்?

மறுநாள் கடைசி ஃபாரம் வந்தது. மேஜையில் கட்டைப் பிரித்த கையோடு முதல் தாளை நான்தான் எடுத்தேன். வேகமாக மடித்து, நின்ற வாக்கியத்தைத் தேடி எல்லாருக்கும் கேட்க உரக்கப் படித்தேன்.

'இனி உன்னை இந்தக் கடினமான வேலையில் வைத்து வதைக்க என் மனம் இடம் தரவில்லை. நீ வீட்டில் நிம்மதியாக இரு.'

கருணையோடு சீட்டைக் கிழித்துவிட்டார். அதற்கு அந்தப் பெண் என்ன சொல்கிறாள் தெரியுமா? 'தவறு என்னுடையதுதான் ஐயா. என் கவனக்குறைவால் உங்கள் மனதை நோகடித்துவிட்டேன்' என்று கும்பிடுகிறாள். நோகடித்தாளாம்! அதோடு விட்டாரா? யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று ஆற்றில் இறங்கிவிடுகிறாள். முதலாளி கரையில் நின்று அழுகிறார். கடைசி ஒன்றரைப் பக்கம் அவர் எவ்வளவு நல்லவர், எப்படி அழுதார் என்பதுதான்.

கெட்டதிலேயே கெட்டதாக யோசிக்கிறவள் நான். எனக்கே இது தோன்றவில்லை. பெரியக்கா, "பாவி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். யார் டம்ளர் கழுவ வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வாசலில் நின்ற கட்டிங் மாஸ்டர் தானும் கேட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

வீட்டுக்குப் போனதும் தங்கை முதலில் கேட்டதே, "வந்துச்சாக்கா?" என்பதுதான்.

"இன்னும் அச்சாகலை."

"பொய் சொல்றே."

"எனக்கு என்னடி பொய் சொல்ல?"

"நீ பொய் சொல்றப்ப என் மூஞ்சியைப் பாக்கமாட்டே." அன்றும் வீணான ஒரு தாள் என் பையில் இருந்தது. பையை அவளே இழுத்தாள். நான் பிடுங்கப் போனேன். கட்டுப் போட்ட கையால் அதை அணைத்துக்கொண்டாள். அந்தக் கைமேல் என் கை படக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

படித்தாள். மெதுவாகப் படித்தாள். ஆற்றில் இறங்குகிற இடத்தை இரண்டாம் தடவை படித்தாள் என்று நினைக்கிறேன், பக்கத்தைப் பின்னால் திருப்பினாள். அழுவாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் தாளை மடித்துப் பையில் திரும்ப வைத்தாள்.

"நான் டம்ளர் கழுவணும் போல" என்றாள்.

எனக்குத்தான் அழுகை வந்தது.

விடிந்ததும் எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. பட்டறைக்குள் நுழைந்ததும் அவள் நேராகத் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். பெரியக்கா நகர்ந்து இடம் விட்டாள். முந்திரிக்கொட்டை அவள் தோளைத் தொட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

வெளியீட்டுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அதனால் முதலாளி காலையிலேயே விரட்ட வந்துவிட்டார். தங்கையைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. அடுத்த நொடியே சிரித்தார்.

"அடடே! என்னம்மா இங்க? ரெஸ்ட் எடுக்கச் சொன்னேனே. திங்கட்கிழமை வா, எல்லாம் விவரமாப் பேசிக்கலாம்."

"திங்கட்கிழமை நீங்க என்ன சொல்வீங்கன்னு படிச்சுட்டேன் சார்" என்றாள் தங்கை.

அவருக்கு முதலில் புரியவில்லை. அவள் கையில் இருந்த மடித்த ஃபாரத்தைப் பார்த்தார். பிறகு எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அன்றுதான் எங்கள் முகத்தில் கண் இருப்பதைக் கண்டார் என்று நினைக்கிறேன்.

கோபப்படுவார் என்று பார்த்தால், அந்த மனிதர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "படிச்சியா? நீயே படிச்சியா? எப்படிம்மா இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் குரலில் ஆவல் தவிர வேறெதுவும் இல்லை.

"அவ செத்துட்டா சார்."

"ஓ, முடிவு புடிக்கலையா?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "எனக்கும் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு. சரி, உனக்காக மாத்திடறேன். ஆத்துல இறங்கறா, யாரோ ஒரு பையன் குதிச்சுக் காப்பாத்தறான். அவனுக்கே கட்டி வெச்சுடலாம். ஒரு ஃபாரம்தானே, இன்னிக்கே புதுசா அடிச்சுடலாம். சந்தோஷமா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தாளை அழுத்தி மடிக்கிற பட்டையை மேஜையில் அடித்துவிட்டு எழுந்தேன்.

"பேப்பர்ல இருக்கறவளைக் காப்பாத்த ஆள் அனுப்பறீங்களே, இதோ உங்க முன்னாடி உக்காந்திருக்காளே, இவளுக்கு என்ன செஞ்சீங்க? எந்தக் காதலனை நெனச்சுக்கிட்டு இவ கையை விட்டா? டேப் ஒட்டச் சொன்னது யாரு? மாஸ்டர் இல்லாத நாள்ல இவளை நிறுத்தினது யாரு? அதையெல்லாம் எழுத உங்க பேனாவுல மை இல்லையா? உங்க கண்ணீருக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்!"

"அது கதைம்மா. கற்பனை. உனக்கு இலக்கியம் புரியாது..."

"எங்களுக்குப் புரியுது சார்" என்றாள் பெரியக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. அவள் தன் பட்டையைக் கீழே வைத்தாள். முந்திரிக்கொட்டையும் வைத்தாள். மடிக்காத கடைசி ஃபாரம் மேஜைமேல் அப்படியே குவிந்து கிடந்தது. மெஷின் பக்கத்தில் நின்ற கட்டிங் மாஸ்டர் மெயின் ஸ்விட்சை அணைத்தார். முணுமுணுக்கவில்லை. பொத்தான்மேல் இருந்த டேப்பை நகத்தால் கிள்ளி, சுற்றிச் சுற்றிப் பிரித்து எடுத்தார்.

முதலாளி எழுந்து நின்றார். "என்ன, எல்லாரும் சேந்து மிரட்டறீங்களா? வேற ஆள் கொண்டுவரத் தெரியாதா எனக்கு?"

யாரும் பட்டையைத் திரும்ப எடுக்கவில்லை. இரண்டு நாளில் வேறு ஆள் எங்கே கிடைக்கும்? அது எங்களைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். அழைப்பிதழ் ஊரெல்லாம் போயிருந்தது.

"இப்ப என்னதான் வேணும் உனக்கு?" என்று தங்கையிடம் கேட்டார். ஆஸ்பத்திரியில் இருந்த கலக்கமெல்லாம் அவர் குரலில் காணாமல் போயிருந்தது.

"என் இடம் சார். அடுக்கற வேலை. இன்னியிலேருந்து." நிறுத்தாமல் மேலே சொன்னாள். "அப்புறம் அந்தப் பொத்தான்ல இனிமே யாரும் டேப் ஒட்டக் கூடாது."

"சரி, சரி, வேலையைப் பாருங்க" என்று காற்றில் கையை வீசிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. மாஸ்டர் ஸ்விட்சைப் போட்டார். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானையும் அழுத்திக் காட்டினார். கத்தி இறங்கி ஏறியது. தங்கை தலையைத் திருப்பிக்கொண்டாள்.

முடிவை அவர் மாற்றவில்லை. புதிதாக அடித்தால் தாள் வீண் என்று யோசித்திருப்பார், அல்லது எங்கள் முகத்துக்காக மாற்றுவதா என்ற வீம்பாக இருக்கும். அந்தப் பெண் எல்லாப் பிரதியிலும் கும்பிட்டுவிட்டு ஆற்றில் இறங்குகிறாள். நாங்கள் மடிக்க மடிக்க, தங்கை ஃபாரங்களை வரிசையாக அடுக்கினாள். இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து, கட்டுப் போட்ட கையின் புறங்கையால் தட்டிச் சமன் செய்து வைத்தாள். தான் சாகிற ஃபாரத்தையும் அப்படியேதான் எடுத்து வைத்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அதை மட்டும் நான் வெக்கறேன், இங்க குடுடி" என்றேன்.

"விடுக்கா. என் வேலையை என்னைச் செய்ய விடு" என்றாள், தலை நிமிராமல்.

வெளியீட்டில் நல்ல கூட்டமாம். கடைசிக் கதையைப் படித்துவிட்டு நிறைய பேர் அழுதார்களாம்.